யாருக்கும் அலர்ஜி இல்லாத ஊர்

கோப்பைக்கு நன்றி. ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பதுதான் நம் அலுவலக வழக்கம். இனிமேல் மணி பார்க்கவே தேவையில்லாத ஆளுக்குக் கடிகாரம் கொடுக்கிற அந்த அறிவு எனக்கு எப்போதும் பிடிக்கும். நீங்கள் அதை விட்டுவிட்டு, ஏழெட்டு வருடமாக உங்கள் நிரல்களின் ஓரத்தில் நான் எழுதிவந்த ஒற்றைச் சொல்லைப் பெரிய எழுத்தில் கோப்பையில் அடித்துக் கொடுத்தீர்கள். "கேட்டியா?" என்று. முதுகுக்குப் பின்னால் எனக்குக் "கேட்டியாக்கா" என்று பெயர் வைத்திருந்ததும் தெரியும். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மேலாளர் கூப்பிட்டு, புதிதாகச் சேருகிறவர்கள் படிப்பதற்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "இன்ஸ்பிரேஷனா இருக்கணும் லா, சிஸ்டர்" என்றார். ஊக்கம் வேண்டுமென்றால் ஈப்போவில் எந்த அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் போனாலும் ஒட்டி வைத்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது ஒரு தப்பு மட்டும்தான். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் கடைசி வெள்ளிக்கிழமை, உங்களில் ஒருவர் எழுதிய ஒரு நிரல் வரி கண்ணில் பட்டது. நோயாளியின் ரத்த வகை பதிவில் இல்லாவிட்டால் 'ஓ' என்று நிரப்பிக்கொள், என்கிறது அந்த வரி. பக்கத்தில் ஒரு விளக்கம் வேறு: நிறையப் பேருக்கு ஓ தானாம். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆப்ஷன் என்றால் என்ன என்று ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம், எப்படியும் தாண்டித்தான் போவீர்கள்.

நாங்கள் தொழில் கற்ற காலத்து நிரல் மொழிகளில், மதிப்பு இல்லாத இடத்துக்கு 'நல்' என்று பெயர். நல்லது என்ற சொல்லின் வேரைக் கொண்டுபோய் இப்படி ஒரு சனியனுக்கு வைத்திருக்கிறார்களே என்று தமிழ் தெரிந்த யாருக்கும் சிரிப்பு வரும். சோறு இருக்கிறது என்று நம்பித் தூக்குச்சட்டியைத் திறப்பீர்கள், காலியாக இருக்கும், நிரல் அங்கேயே மயங்கி விழும். ஃபங்ஷனல் மொழிகள் இதற்கு ஒரு வழி செய்தன. சட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள்: 'உள்ளே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.' அதுதான் ஆப்ஷன். இருந்தால் என்ன செய்வாய், இல்லாவிட்டால் என்ன செய்வாய், இரண்டையும் சொல்லாமல், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் உங்களை நகர விடாது. நல்ல ஏற்பாடு. நான் இன்றைக்கும் அதன் கட்சிதான்.

எட்டு வருடத்துக்கு முன்பு அதன் கட்சி மட்டும் இல்லை, கொடி பிடிக்கிற ஆளே நான்தான். பேராக்கில் ஏழெட்டு ஊர்களில் சிறிய கிளினிக்குகள் நடத்திவந்த ஒரு குழுமம், பெயர் வேண்டாம், தங்கள் நோயாளிப் பதிவு சிஸ்டத்தை எங்களிடம் கொடுத்திருந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது அது 'நல்'லில் முட்டி விழும். நான் மொத்தத்தையும் புதிதாக எழுதினேன். விருப்பப் புலம் ஒவ்வொன்றையும், அதாவது பதிவில் நிரப்பாமல் விடக்கூடிய இடம் ஒவ்வொன்றையும், ஆப்ஷனில் சுற்றினேன். இனி விழவே விழாது என்று மீட்டிங்கில் அறிவித்தேன். என் முகத்தில் அன்று இருந்த பெருமையைப் படம் எடுத்து வைத்திருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேறு எதுவும் எழுத வேண்டியிருக்காது.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. கிளினிக்கில் நோயாளி பதிந்ததும் ஒரு சீட்டு அச்சாகும். டாக்டரும் மருந்துக் கவுண்டரும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். அதில் அங்கங்கே காலி இடங்கள். எங்கள் மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "கோசோங்கா இருந்தா பாதியில நிறுத்தின வேலை மாதிரி இருக்கு லா. ஏதாவது போடுங்க" என்றார். கோசோங் என்றால் காலி. நான் ஏதாவது போட்டேன். மதிப்பு இருந்தால் எடு, இல்லாவிட்டால் இதை வைத்துக்கொள் என்று சொல்லும் கெட்-ஆர்-எல்ஸ் ஒன்று போதும். 'இதை' என்ற இடத்தில் மலாய்ச் சொல் ஒன்றை வைத்தேன்: தியாடா. இல்லை என்று அர்த்தம். எல்லாப் புலத்துக்கும் பொதுவாக ஒரே ஃபங்ஷன், ஒரே வரி. கம்பைலர் வாயே திறக்கவில்லை. நான் காப்பி குடிக்கப் போனேன்.

மலாய் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். தியாடா என்றால் இல்லை. ஆள் இறந்துபோனாலும் மரியாதையாக 'தியாடா' என்றுதான் சொல்வார்கள், நாம் 'அவர் இப்ப இல்லை' என்று சொல்கிற மாதிரியே. முதல் புகார் பாகான் செராயிலிருந்து வந்தது. ஒரு பெரியவர் பதிந்தபோது மனைவி பெயரை யாரும் நிரப்பவில்லை. சீட்டில் 'இஸ்திரி: தியாடா', அதாவது மனைவி இல்லை, என்று வந்துவிட்டது. அந்த அம்மாள் அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். "நான் மலை மாதிரி நிக்கிறேன், என்னைக் கொன்னுட்டீங்களே" என்று கவுண்டரில் ஒரே சத்தம். அடுத்தது, அப்பா பெயர் பதியப்படாத ஒரு பெண்ணுக்கு அனுப்பிய கடிதம். நம் ஊரில் பெண்கள் பெயருக்குப் பின்னால் இன்னாரின் மகள் என்று வருமே, அந்த இடத்தில் அவள் 'தியாடாவின் மகள்' ஆகிவிட்டாள்.

அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அந்த இரண்டு புலங்களை மட்டும் பொது ஃபங்ஷனிலிருந்து கழற்றிவிட்டு, புகாரை முடித்து வைத்தேன். மற்றப் புலங்களை ஒருமுறை பார்ப்போம் என்று தோன்றவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் இதே மாதிரித்தான் புகார்களை முடிக்கிறீர்கள். எது சத்தம் போடுகிறதோ அதைச் சரிசெய்கிறீர்கள். சத்தம் போடாததை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

நான்கு மாதம் ஓடியது. சிஸ்டம் ஒருமுறைகூட விழவில்லை. கிளினிக் கிளினிக்காகப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். அதாவது, பாராட்டு வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். சிலிம் ரிவர் கிளினிக்குக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும்.

அங்கே மருந்துக் கவுண்டரில் ஒரு பாய் இருந்தார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்த ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறது, இவர் மட்டும் மாவு பிசைய முடியாது என்று மருந்துப் பக்கம் வந்துவிட்டாராம். பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து என் சிஸ்டம் வேலை செய்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு வருகிறது, பாய் வாங்குகிறார், பேனாவை எடுத்து ஒரு வரியை அடிக்கிறார், நோயாளியிடம் ஏதோ கேட்கிறார், மருந்து கொடுக்கிறார். அடுத்த சீட்டு, அதே வரியை அடிக்கிறார். நாலாவது சீட்டுக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"பாய், எதை அடிக்கிறீங்க?"

"அலர்ஜி தியாடான்னு வருது பாருங்க, அதை."

"ஏன்?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாலு மாசமா பாக்குறேன்க்கா. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் அலர்ஜி இல்லையாம். எங்க மச்சான், இறால் சாப்பிட்டா ரெண்டு கண்ணும் மூடிக்கும், அவனுக்கும் தியாடா. நல்ல ஊரா இருக்கே, நாமளும் இங்கதானே இருக்கோம்னு நெனச்சுக்கிட்டேன்."

முதலில் எனக்கு வந்தது ரோஷம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. பதிவுக் கவுண்டரில் அந்தப் புலத்தை நிரப்பினால் சரியாக வருமே என்றேன். அந்தப் பக்கம் கூட்டம், ஒரு பெண் தனி ஆளாகப் பதிகிறாள், கட்டாயமில்லாத புலத்தை அவள் ஏன் நிரப்பப் போகிறாள், என்றார் பாய். "அதனால என்ன, நான்தான் ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டுத்தானே குடுக்கிறேன். ஒண்ணும் சுசா இல்ல, சிரமம் இல்ல" என்று சமாதானம் வேறு சொன்னார்.

அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "நீங்க லீவு போட்டா?"

பாய் கையில் இருந்த சீட்டைக் கீழே வைத்தார். முந்தின நாள் அவர் இல்லை. பாகான் செராயில் ஒரு கல்யாணம். அவருக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு நம் சிஸ்டத்தின் குணம் எப்படித் தெரியும்? அச்சடித்த காகிதம் அலர்ஜி இல்லை என்றால் இல்லைதான். டாக்டரும் அதே காகிதத்தைத்தான் பார்த்தார்.

முந்தின நாள் பென்சிலின் வகை மருந்து வாங்கிப் போனவர்களின் பட்டியலை எடுத்தேன். ஆறு பேர். ஆறு பேருக்கும் அலர்ஜி புலம் காலி. அவர்களில் யாருக்காவது அது ஒத்துக்கொள்ளாதா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் விஷயமே. என் சீட்டு மட்டும் ஆறு பேருக்கும் 'தெரியும், ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பியிருந்தது.

நான் பதறினாலும் கை சரியாகத்தான் வேலை செய்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மருந்தை நிறுத்திவிட்டு உடனே கிளினிக்கைக் கூப்பிடுங்கள் என்று ஒரு செய்தி தட்டி, ஆறு பேருக்கும் அனுப்பும்படி கட்டளை கொடுத்தேன். திரையில் பச்சை நிறத்தில் வந்தது: வெற்றி, பிழை ஏதும் இல்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

பாய் சாயவில்லை. "ஆறு பேருக்கும் போச்சா?" என்றார்.

"பிழை இல்லைன்னு வந்துருக்கே பாய்."

"அது சரி. ஆறு பேருக்கும் போச்சா?"

நீங்கள் தினமும் மேப் என்று ஒன்றை எழுதுகிறீர்களே, அதைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஆப்ஷனுக்குள் மதிப்பு இருந்தால் மேப் வேலையைச் செய்யும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். அது பிழை இல்லை, மரியாதை. போன் நம்பர் உள்ளவர்களுக்குச் செய்தி போனது. நம்பர் இல்லாத ஆளைச் சிஸ்டம் மிக மரியாதையாகத் தாண்டிப் போய்விட்டு, எல்லாம் வெற்றி என்று என்னிடம் வந்து சொன்னது. பழைய 'நல்'லாக இருந்திருந்தால் அந்த இடத்தில் கத்திக்கொண்டு விழுந்திருக்கும். நான்தான் அதன் வாயை அடைத்துவிட்டு, அதற்காகக் கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

ஐந்து பேருக்குப் போயிருந்தது. பாய் அந்த ஐந்து பேரையும் போனில் கூப்பிட்டு வாயாலேயே கேட்டுவிட்டார். யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆறாவது ஆள் அஞ்சலை, வயது அறுபத்து மூன்று, காலில் ஆணி குத்திச் சீழ் பிடித்திருந்தது. போன் நம்பர் புலம் காலி. முகவரி இருந்தது. ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர், இரண்டாம் டிவிஷன், லயத்து வீட்டு எண். நானும் தோட்டத்தில் பிறந்தவள், அந்த வட்டாரம் தெரியும். அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சாய்த்துச் செம்பனை வைத்து எவ்வளவோ வருடமாகிறது. லயங்களை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்தாகிவிட்டது. ஜனங்களின் அடையாள அட்டையில் மட்டும் தோட்டம் இன்னும் இருக்கிறது.

"இது புலம் நிரம்பி இருக்கு, ஆனா ஆள் இல்ல" என்றார் பாய். அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல்.

யோசித்துப் பார்த்தேன். தோட்டம் போனாலும் தோட்டத்தின் பெயர் ஓரிடத்தில் சாகாது, தமிழ்ப்பள்ளியில். பள்ளியைக் கட்டடத்தோடு தூக்கி ஏதாவது ஒரு தாமானுக்குள், புது வீடுகளுக்கு நடுவே வைப்பார்கள், பெயர்ப்பலகையில் பழைய தோட்டத்தின் பெயரே இருக்கும். அந்தப் பெயரில் ஒரு பள்ளி பத்து நிமிடத் தூரத்தில் இருப்பது பாய்க்குத் தெரிந்திருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கவுண்டரை மூடிக்கொண்டு அவரும் என் காரில் ஏறினார். பள்ளியில் யாராவது தோட்டத்துப் பழைய ஆள் இருப்பார்கள் என்பதுதான் என் கணக்கு.

கணக்கு தேவைப்படவே இல்லை. கேன்டீனில் மீ நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்த அம்மாள் பெயரைச் சொன்னதுமே திரும்பினார்.

"அஞ்சலையா? இங்கதானே மங்கு, தட்டு கழுவுறா. இன்னிக்கு வரல. ஒடம்பெல்லாம் தடிச்சிருக்கு, அரிக்குதுன்னு பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்ட சொல்லிவிட்டா. ஏன்?"

ஏன் என்பதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. எந்த வரிசை, எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு ஓடினோம். அந்த ஓட்டத்தைப் பற்றி நான் அழகாக எதுவும் எழுதப்போவதில்லை. பயம், அவ்வளவுதான். கம்பைலரைப் பற்றியோ மேலாளரைப் பற்றியோ நினைக்கவில்லை. ஒரு அம்மாள் என் ஒற்றை வரியால் மூச்சு முட்டிக்கொண்டிருக்கக் கூடாதே என்று மட்டும் நினைத்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அஞ்சலையக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்திலும் கையிலும் தட்டுத் தட்டாகத் தடிப்பு, மேலுதடு வீங்கியிருந்தது. முந்தின ராத்திரி ஒரு மாத்திரை, காலையில் ஒன்று. மத்தியான மாத்திரை தட்டில் தயாராக இருந்தது. பாய் முதல் வேலையாக அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி, கைத்தாங்கலாகக் காருக்குக் கொண்டுபோனோம். அவர் ஒன்றும் அடம் பிடிக்கவில்லை, அடுப்பை அணைத்தோமா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாய் கேட்டார். "முன்ன எப்பவாவது மருந்து இப்படி ஒத்துக்காம போயிருக்கா?"

"ஆமா லா. தோட்டத்துல இருந்தப்ப. டிரசர் ஊசி போட்டாரு, மூஞ்சி இப்படி ஊதிருச்சு. பொழைக்கமாட்டேன்னுட்டாங்க."

டிரசர் என்பது தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்தவர். அந்த மனிதர் மருந்தின் பெயரை அஞ்சலையக்காவின் அட்டையில் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாராம்.

எனக்குத் தாங்கவில்லை. "அப்ப நேத்து அதைச் சொல்லிருக்கலாம்லக்கா?"

"யாரும் கேக்கலையே." வீங்கிய உதட்டோடு மெதுவாகப் பேசினார். "கேட்டா சொல்லிருப்பேன். குடுத்த பேப்பர்ல அலர்ஜின்னு போட்டு என்னமோ எழுதியிருந்துச்சு. பழைய ஆஸ்பத்திரி அட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க போலன்னு நெனச்சேன். அவங்களுக்கே தெரியும்போது நான் எதுக்குச் சொல்லணும்?"

காரை ஓட்டிக்கொண்டே அதைக் கேட்டேன். அந்த இடம் காலியாக இருந்திருந்தால் டாக்டர் கேட்டிருப்பார். அந்தப் பையன் கேட்டிருப்பான். யாரும் கேட்காவிட்டாலும், காலி இடத்தைப் பார்த்து அஞ்சலையக்காவே வாயைத் திறந்திருப்பார். பார்ப்பதற்கு நன்றாக இருக்கட்டும் என்று நான் போட்ட ஒரு சொல் மூன்று பேரின் வாயையும் அடைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், அடுத்த மாத்திரையும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது, சாயங்காலம் வரை பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். நான் வராந்தாவுக்கு வந்து மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கவுண்டர் சாலா லா, நம்ம சாலா இல்ல. பதிவு செஞ்சவங்க புலத்தை நிரப்பலன்னு ரிப்போர்ட் எழுதுங்க" என்றார். சாலா என்றால் தப்பு. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாக்கியம் எனக்கு இனித்தது. போனை வைத்துவிட்டு அதையே பாயிடம் சொல்லிப் பார்த்தேன். பதிவு செய்த பெண் நிரப்பவில்லை, அதனால்தான்.

"சரி, அந்தப் புள்ள நிரப்பல" என்றார் பாய். "அப்ப நிரப்புனது யாரு?"

நான் நாற்பது வயதுக்குப் பிறகு யார் கேள்விக்கும் தலைகுனிந்தது கிடையாது. அன்று குனிந்தேன். என் அப்பா பால்மரம் சீவிய தோட்டத்தில், காலைப் பெரட்டு வரிசையில் ஆட்கணக்கு எடுக்கும் கிராணி என்ற கணக்கர், வராத ஆளுக்கே நாலு விதக் குறி வைத்திருந்தார். சுகமில்லை, லீவு கேட்டான், வேலை கொடுக்கவில்லை, காரணம் தெரியாது. நாலும் ஒன்றில்லை என்று ஒரு பென்சில்காரருக்குத் தெரிந்திருக்கிறது. உலகத்தின் மிகக் கறாரான கம்பைலரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எல்லாவற்றையும் ஒரே சொல்லாக்கி அச்சடித்துக்கொண்டிருந்தேன்.

பாய் கிளினிக்குக்குத் திரும்பிவிட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு நர்ஸ் பாரத்தோடு வந்தாள், சின்ன வயதுப் பெண், தமிழ் தெரியாது. அவள் மலாயில் கேட்பாள், நான் தமிழில் கேட்டுச் சொல்ல வேண்டும். முதல் கேள்வியே அலர்ஜி. அஞ்சலையக்கா டிரசர் கதையை முதலிலிருந்து சொன்னார். மருந்தின் பெயர் சிவப்பில் ஏறியது. அடுத்து, கணவர்?

"இல்ல" என்றார்.

தியாடா என்றேன். அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆகவில்லையா, இறந்துவிட்டாரா? நான் திரும்பிக் கேட்க வேண்டியிருந்தது. இறந்து நாலு வருடமாகிறதாம். போன்? அதுவும் இல்ல. இல்லவே இல்லையா என்றேன், கேட்கப் பழகிக்கொண்டிருந்தேன். இருந்ததாம், கேன்டீனில் கழுவுகிற தண்ணீரில் விழுந்துவிட்டதாம், வேறு வாங்கவில்லையாம்.

கடைசிப் புலம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது.

"யாரும் இல்ல" என்றார் அஞ்சலையக்கா. கூரையைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார். "புள்ளைங்க இல்ல. தம்பி இருந்தான், அவனும் இல்ல. இல்லன்னே போடச் சொல்லு, வெக்கம் என்ன."

நான்கு மாதத்தில் ஆயிரக்கணக்கான சீட்டுகளில் அந்தச் சொல்லை அச்சடித்தவள் நான். ஒரு தடவைகூட வாயால் சொல்ல வேண்டியிருந்ததில்லை. நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள். தியாடா என்று சொன்னேன், அவள் எழுதினாள். கேட்டு, பதில் வாங்கி, எழுதப்பட்ட இல்லை அது. என் சிஸ்டத்தில் அப்படி ஒன்றுகூடக் கிடையாது.

நர்ஸ் போன பிறகு அஞ்சலையக்கா என் பக்கம் திரும்பினார். உதட்டு வீக்கம் பாதி வடிந்திருந்தது.

"காலையிலேருந்து என்னையே கேட்டுக்கிட்டு இருக்க. நீ சாப்டியா?"

மணி மூன்றாகியிருந்தது. அன்றைக்கு என்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"இல்லக்கா" என்றேன்.

மறுநாள் அந்தப் பொது ஃபங்ஷனை அழித்தேன். அலர்ஜிக்கு மூன்று நிலை வைத்தேன்: இருக்கிறது, கேட்டோம் இல்லை என்றார், இன்னும் கேட்கவில்லை. மூன்றாவது நிலையில் இருக்கும்வரை மருந்துச் சீட்டு அச்சாகாது. செய்தி அனுப்பும் இடத்தில், போகாதவர்களின் பெயர்கள் முதலில் வரும்படி மாற்றினேன். அறிக்கையில் நிரப்பியது யார் என்பதை என் பெயர் போட்டு எழுதினேன். மேலாளருக்கு அது இன்ஸ்பிரேஷனாக இல்லை. கவுண்டர்களில் என்னை இன்றுவரை திட்டுகிறார்கள், ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதாம். சந்தோஷம். அவசரத் தொடர்பு புலம் மட்டும் அஞ்சலையக்காவின் பதிவில் இப்போது காலி இல்லை. அவரைக் கேட்டுத்தான் போட்டேன், என் நம்பரை.

உங்கள் நிரலில் காலி இடத்தை எதையாவது வைத்து அடைத்திருக்கும்போதெல்லாம் ஓரத்தில் நான் அந்த ஒற்றைச் சொல்லை எழுதியது இதனால்தான். கோப்பையில் அடித்துச் சிரித்தது போதும்.

ரத்த வகை 'ஓ' என்று நிரப்பிய அந்த வரியை எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். இங்கே பெயர் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன்.